பாதியில் போகிறவனுக்கு ஒரு கதவு

அரையிறுதிக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் கீப்பருக்கு விசா வந்தது.

2017. இலங்கையில், மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் பெரும்போக அறுப்பு முடிந்து வயல் வெளித்துக் கிடந்த காலம். அறுப்புக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இடைப்பட்ட கொஞ்ச நாளில்தான் எங்கள் பக்கத்தில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி சூடு பிடிக்கும். சேனையூரில் இருந்தும் மல்லிகைத்தீவில் இருந்தும் கிளிவெட்டியில் இருந்தும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ரீம்கள் வரும். பத்து வருடம் முகாமில் கிடந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சம்பூர்ப் பொடியன்களும் அந்த முறை ரீம் போட்டிருந்தார்கள். எங்கள் ரீமில் பேர் சொல்லும்படியான ஆட்டக்காரன் கீப்பர் ஒருவன்தான். நெட்டை. தோணியில் நின்று வலை வீசிப் பழகிய கை. பந்து அந்தக் கைக்குள் வந்தால் வெளியே போகாது.

அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையுறை இரண்டையும் சொப்பின் பையில் சுற்றி என்னிடம் நீட்டினான்.

"அண்ணன், ஏஜென்சில இருந்து கோல் வந்துட்டு. வியாழக்கிழம ஃப்ளைட்."

"வெள்ளிக்கிழம மெட்ச்டா."

"தெரியும் அண்ணன். நான் என்ன செய்யுற? காசு கட்டி எட்டு மாசம்."

எங்கள் ஊர்ப் பேச்சில் அழைப்பும் கோல்தான், வலைக்குள் விழுவதும் கோல்தான். கீப்பர் வாயால் 'கோல் வந்துட்டு' என்று கேட்டதும் பக்கத்தில் நின்றவன் சிரித்துவிட்டான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. மறிக்கவும் இல்லை. எதைக் காட்டி மறிக்கிறது? அவனுக்கும் கழகத்துக்கும் நடுவில் இருந்த ஒரே உடன்படிக்கை அந்தக் கையுறை. அதைத் திருப்பித் தந்துவிட்டான், கணக்குத் தீர்ந்தது. அதோடு, சீசன் பாதியில் போவது எங்களுக்குப் புதிதும் இல்லை. 2006-இல் போர் வந்தபோது மூதூர் கிழக்கில் ஆட்டக்காரன், நடுவர், பார்க்க வந்த சனம் என்று எல்லாருமே மூட்டை கட்டிக்கொண்டு எழும்பிப் போனார்கள். அந்த வருடத்துக் கிண்ணம் யாருக்கு என்று இன்றைக்கும் ஒருவரும் கேட்பதில்லை.

சம்பளத்துக்கு விளையாடுகிறவனுக்கு இப்படிக் கையுறையை நீட்டிவிட்டுப் போகும் வசதி கிடையாது. அவன் போவதற்கென்று உலகத்தில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு தரம் திறக்கும், குறித்த நாளில் அடைக்கும், திறப்பு பெரும்பாலும் அவன் கையில் இருக்காது. அந்தக் கதவு எப்படி வந்தது என்று தேடப் போனால், முதலில் கதவில்லாத ஒரு சுவர்தான் எதிர்ப்படுகிறது.

சுவரை எழுப்பியது ஒரு பதிவேடு. 1885 வரை இங்கிலாந்தில் காசு வாங்கி உதைபந்து ஆடுவது விதிமீறல். கழகங்கள் ஒளித்துத்தான் கொடுத்தன. ஒளித்து வாங்குகிறவனைக் கட்டிப்போட முடியாது. கூடக் கொடுக்கிறவன் பக்கம் அடுத்த சனிக்கிழமையே போய்விடுவான். அந்த ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் காசு வாங்குவதைச் சட்டப்படி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, காசு வாங்குகிறவன் தன் பெயரைப் பதிய வேண்டும் என்றது. 1888-இல் 12 கழகங்கள் சேர்ந்து லீக் தொடங்கின. 1893-94 சீசனில் லீக் இன்னொரு முடிச்சைப் போட்டது. ஒரு கழகத்தில் பதிந்தவன் அந்தக் கழகம் சம்மதிக்காமல் வேறு எங்கும் போக முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் முடியாது. சீசன் முடிவில் கழகம் ஒரு பட்டியல் போடும்: இவர்களை வைத்துக்கொள்கிறோம், இவர்களை விற்கிறோம், இவர்கள் போகலாம். வைத்துக்கொள்ளும் பட்டியலில் ஒருவன் பெயர் இருந்து, கொடுக்கும் சம்பளத்துக்கு அவன் கையெழுத்துப் போட மறுத்தால், சம்பளம் கொடுக்காமலே வைத்திருக்கலாம்.

எங்கள் கொட்டியாபுரத்தில் மாட்டுக்குக் குறி சுடுவார்கள். குறி சுட்ட மாடு எவன் வயலில் மேய்ந்தாலும் பட்டிக்காரனுடையதுதான். இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தோல் கருகும் மணம்தான் வந்தது.

சுவர் எழும்பியபின் கதவு போட்டதும் கழகங்கள்தான். தங்களுக்காகப் போட்டார்கள். 1905 பெப்ரவரியில் மிடில்ஸ்பரோ கழகம் முதல் பிரிவில் இருந்து கீழே விழும் நிலையில் நின்றது. இரண்டு வருடமாக வெளியூரில் ஒரு வெற்றி கிடையாது. பக்கத்துச் சண்டர்லாந்தில் ஆல்ஃப் காமன் என்றொரு முன்வரிசைக்காரர் இருந்தார். பருத்த ஆள். முந்தின வருடம்தான் ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் இருந்து 520 பவுணுக்கு அவரைச் சண்டர்லாந்து வாங்கியிருந்தது. மிடில்ஸ்பரோ 1000 பவுண் கொடுத்துச் சீசன் நடுவே தூக்கிக்கொண்டு போனது. ஓர் ஆட்டக்காரனுக்கு நான்கு இலக்கத்தில் விலை விழுந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் லீக் அனுமதித்த உச்சச் சம்பளம் வாரத்துக்கு 4 பவுண். ஆளுக்கு 4, அவன் பெயர் இருக்கும் தாளுக்கு 1000.

காமனுக்கு முதல் ஆட்டம், விதியைப் பாருங்கள், பழைய கழகமான ஷெஃபீல்ட் யுனைடெட்டின் மைதானத்திலேயே அமைந்தது. பெனால்டியில் ஒரு கோல் போட்டார். 1-0. இரண்டு வருட வறட்சி தீர்ந்தது. மிடில்ஸ்பரோ முதல் பிரிவிலேயே தங்கிவிட்டது. பத்திரிகைகள் கொதித்தன. இது விளையாட்டா, சந்தையா என்று கேட்டார்கள். சங்கம் 1908 ஜனவரியில், இனி ஆளுக்கு 350 பவுணுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. நாலு மாதம் கூட அது தாக்குப்பிடிக்கவில்லை. விலைக்கு அணை கட்ட முடியாது என்று தெரிந்தபின் காலத்துக்குக் கட்டினார்கள். மார்ச்சில் ஒரு நாளைக் குறித்து, அதற்குப் பிறகு ஆள் மாறக் கூடாது என்றார்கள். சீசன் அதற்குப் பிறகும் சில வாரம் போகும். கடைசி வாரங்களில் காசுக்காரக் கழகம் ஆட்களை அள்ளிக்கொண்டு கிண்ணத்தையும் அள்ளாமல் இருக்க அந்தக் கெடு. பல பத்தாண்டுகளாக இங்கிலாந்தில் அந்த மார்ச் கெடுதான் இருந்தது.

அமெரிக்காவிலும் கெடு பிறந்தது இதே வயிற்றெரிச்சலில்தான். அங்கே பேஸ்பால். 1922 ஜூலை 23 அன்று, நியூயோர்க் யாங்கீஸ் கழகம் பொஸ்டனிடம் இருந்து ஜோ டூகன் என்ற நல்ல ஆட்டக்காரரை வாங்கியது. பொஸ்டன் முதலாளி பேப் ரூத்தையே விற்றவர். விற்பது அவருக்குப் பழக்கம். அந்தச் சீசனில் யாங்கீசோடு கழுத்துக்குக் கழுத்து நின்றது செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ். கடைசியில் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் யாங்கீஸ் முந்தியது. செயின்ட் லூயிஸ் ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் இருந்து ஜூன் 15-க்குப் பிறகு ஆள் மாற்றக் கூடாது என்று விதி வந்தது. 1986-இல் அது ஜூலை 31 ஆனது.

இந்த இரண்டு கதையிலும் காமனைக் கேட்டார்களா, டூகனைக் கேட்டார்களா என்று தேடிப் பாருங்கள். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் மூன்றாவது கழகத்துக்கும் நடுவில் நடந்த வழக்கு அது. தோற்ற கழகத்தின் மனம் ஆறுவதற்காகப் போட்ட தாழ்ப்பாள். ஆட்டக்காரன் தன் விருப்பத்துக்குப் போவது என்பது அப்போது பேச்சிலேயே இல்லை.

பேச்சில் கொண்டுவர முயன்ற முதல் ஆட்களில் ஒருவர் ஹாரி கிங்கபி. ஆஸ்டன் வில்லா தனக்கு வைத்த விலையால் தன் பிழைப்பு கெட்டது என்று வழக்குப் போட்டார். 1912-இல் தோற்றார். வழக்குச் செலவில் ஆட்டக்காரர் சங்கமே தள்ளாடியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடம் ஒருவரும் நீதிமன்றப் படி ஏறவில்லை.

ஏறியவர் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம். நியூகாசில் ஆட்டக்காரர். கழகம் கொடுத்த வீடு சரியில்லை, ஏற்பாடு செய்த பக்கத் தொழில் சரியில்லை என்று மனக்கசப்பு. 1960-இல் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்க மாட்டேன், என்னை விடுங்கள் என்றார். கழகம் விடவில்லை. ஈஸ்ட்ஹாம் பந்தை வைத்துவிட்டுத் தெற்கே சரே பகுதிக்குப் போய், தெரிந்த ஒருவரிடம் தக்கை விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். போத்தல் மூடும் தக்கை. இங்கிலாந்து அணிக்கு ஆடும் தகுதியுள்ள ஆள், உச்சச் சம்பளம் வாரம் 20 பவுண் என்றிருந்த காலத்தில், தக்கை விற்றே பிழைத்துக் காட்டினார். மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தார். கடைசியில் நவம்பரில் நியூகாசில் இறங்கி வந்து 47,500 பவுணுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது.

வேண்டியது கிடைத்துவிட்டது. வழக்கை விட்டிருக்கலாம். ஈஸ்ட்ஹாம் விடவில்லை, ஆட்டக்காரர் சங்கமும் விடச் சம்மதிக்கவில்லை. 1963-இல் நீதிபதி ரிச்சர்ட் வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த ஆளைப் பிடித்துவைப்பது நியாயமற்ற தொழில் தடை. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழிவந்தவர் இந்த நீதிபதி. கதை எழுதுகிறவன் இப்படி வைத்தால் மிகை என்று வெட்டிவிடுவார்கள்.

அமெரிக்காவில் இதே சண்டையைப் பிடித்தவர் கர்ட் ஃப்ளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் 12 சீசன் ஆடிய கறுப்பினத்தவர். 1969 அக்டோபரில் அவரைக் கேளாமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். போக மாட்டேன் என்றார். அந்த ஆண்டு கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், பிறகு வழக்கு. 1970 சீசன் முழுக்க ஆடவில்லை. 1971-இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அவரை அழைத்தது, வந்தார். ஆனால் கால் பழைய கால் இல்லை. ஒன்றரை வருடம் வெளியே நின்ற உடம்பு, வசைக் கடிதங்கள், கடன், குடி. 13 ஆட்டம் ஆடினார். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் விமான நிலையத்தில் இருந்து முதலாளிக்கு ஒரு தந்தி அடித்துவிட்டு ஸ்பெயினுக்கு விமானம் ஏறிவிட்டார்.

போகும் உரிமைக்காக வழக்குப் போட்ட மனிதர், உரிமை கிடைக்கும் முன்னே, சீசன் பாதியில், ஒருவரையும் கேளாமல் போனார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது அவர் ஆட்டத்திலேயே இல்லை. 1975 டிசம்பரில் வேறு இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் அந்தச் சங்கிலி அறுந்தது. பின்னால் வந்தவர்கள் கோடிகளில் வாங்கினார்கள். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மனதுக்கு நெருக்கமான ஆள் ஃப்ளட்தான். அந்தத் தந்தி எங்கள் கீப்பரின் சொப்பின் பை மாதிரி.

ஐரோப்பாவில் 1995 டிசம்பர் 15 அன்று பெல்ஜியக்காரர் ஜோன்-மார்க் பொஸ்மன் வென்றார். ஒப்பந்தம் முடிந்தவன் காசில்லாமலே போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடந்த ஐந்து வருடத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. முடிந்த ஒப்பந்தத்துக்கு இவ்வளவு. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, சீசன் நடுவே? தொழிலாளி தனக்குப் பிடித்தபோது வேலை மாறலாம் என்பது ஐரோப்பியச் சட்டம்; உதைபந்தாட்டக்காரனுக்கு மட்டும் ஏன் பூட்டு என்று ஐரோப்பிய ஆணையம் ஃபிஃபாவை நெருக்கியது. 2001 மார்ச்சில் இரண்டு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. இன்று எல்லாரும் 'ட்ரான்ஸ்ஃபர் விண்டோ' என்று சொல்லும் பொருள் அதில்தான் உலகத்துக்கெல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. சீசன் தொடங்குமுன் ஒரு காலம், 12 வாரத்துக்கு மேற்படாமல். சீசன் நடுவே இன்னொன்று, 4 வாரத்துக்கு மேற்படாமல். மற்ற நாளெல்லாம் அடைப்பு. 2002-03 சீசனில் இங்கிலாந்து தன் மார்ச் கெடுவை விட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே இதற்குள் வந்தது. அதற்குப் பிறகுதான் ஜனவரி 31 இரவு ஒரு திருவிழாவானது. கழக வாசலில் கமராவோடு செய்தியாளன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிற திருவிழா.

அந்த விதிப்புத்தகத்தின் 16-ஆம் பிரிவு ஒற்றை வரி. சீசன் நடக்கும்போது ஒப்பந்தத்தை ஒருதலையாக முறிக்கக் கூடாது. ஆனால் நியாயமான காரணம் இருந்தால் முறிக்கலாம் என்று இன்னொரு பிரிவு வழி விடுகிறது. எது நியாயம் என்பதில்தான் வருடக்கணக்கில் வாதம். 2018-இல் ஒன்றைத் தெளிவாக எழுதினார்கள்: இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், ஆட்டக்காரன் எழுத்தில் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்படியும் வராவிட்டால் போகலாம். சீசன் நடுவாக இருந்தாலும் போகலாம். 1885-இல் தொடங்கிய சுவரில் ஆட்டக்காரனுக்கென்று உடைத்த வாசல் இவ்வளவு அகலம்தான்: இரண்டு மாதமும் 15 நாளும்.

இதையும் மீறிப் போகிறவனுக்குக் காத்திருப்பது லசானா டியாரா பட்ட பாடு. பிரெஞ்சு ஆட்டக்காரரான அவருக்கும் மொஸ்கோவின் லோகோமோட்டிவ் கழகத்துக்கும் 2014-இல் உறவு முறிந்தது. அவர்தான் முறித்தார் என்று முடிவாகி 10.5 மில்லியன் யூரோ கட்டச் சொன்னார்கள். பெல்ஜியத்தின் ஷார்லரோய் அவரை எடுக்க விரும்பியும் பயந்து பின்வாங்கியது. அந்த அபராதத்தில் தனக்கும் பங்கு வரலாம். பழைய நாட்டுச் சங்கம் மாற்றச் சான்றிதழை நிறுத்திவைக்கலாம். 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதிகளில் சில சட்டத்துக்கு முரண் என்றது. டியாரா ஓய்வுபெற்று ஐந்து வருடமாகியிருந்தது.

அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கு வந்தால் வேறு கூத்து. அங்கே காலால் உதைப்பது குறைவு, கையால் எறிவதே கூட. எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பேர். திருமணத்தில் சமையற்காரன் மாதிரி. பந்தலில் எல்லாம் சரியாக இருந்தும் அவன் கைவிட்டால் ஊர் பட்டினி. அப்படிப்பட்ட ஆள் சீசன் நடுவே காணாமல் போனால் ரசிகர்களுக்குத் தலை வெடிக்கும். காயமா, சண்டையா, குடும்பத்தில் ஏதுமா என்று கேட்பார்கள். பல தடவை விடை ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும்.

லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் கழகத்துக்கு ஒன்பது சீசன் ஆடியவர் டெரெக் கார். 2022 டிசம்பர் 28 அன்று, இரண்டு ஆட்டம் மிச்சமிருக்கையில், அவரைக் கழகம் உட்கார வைத்தது. மறுநாளில் இருந்து அவர் அணிப் பக்கமே வரவில்லை, கழகமும் சம்மதித்தது. ஆட்டம் சரியில்லை என்றார்கள். சரியில்லைதான். ஆனால் அந்த இரண்டு ஆட்டத்தில் அவருக்குப் பலத்த காயம் ஏதும் பட்டால், அடுத்த வருடங்களுக்கான 40.4 மில்லியன் டொலரைக் கழகம் கொடுத்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. கால் முறிந்தால் காசு, முறியாவிட்டால் இல்லை. பெப்ரவரியில் காசு உறுதியாகும் நாளுக்கு முதல் நாள் அவரை விடுவித்தார்கள். 2024 நவம்பரில் நியூயோர்க் ஜயன்ட்ஸில் டானியல் ஜோன்ஸுக்கும் அதே கதை. அங்கே காயத் தொகை 23 மில்லியன். உட்கார வைத்த சில நாளில் அவரே போய், என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டார், விட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஜோஷுவா டொப்ஸ். விண்வெளிப் பொறியியல் படித்த குவார்ட்டர்பேக். 2023 அக்டோபர் 31, ஆள் மாற்றும் கெடுவின் கடைசி நாள். மினசோட்டாவின் குவார்ட்டர்பேக் கால் தசைநார் அறுந்து படுத்திருந்தார். அரிசோனா டொப்ஸை அங்கே அனுப்பியது. ஐந்தாம் நாள் அட்லாண்டாவில் ஆட்டம். அவருக்கு முன்னால் நின்ற புதுப் பொடியனும் தலையில் அடிபட்டு வெளியேற, டொப்ஸ் உள்ளே போனார். கூட ஆடுகிறவர்களில் பலருடைய பெயர் அவருக்குத் தெரியாது. 31-28 என்று வென்றார்கள். ஈஸ்ட்ஹாமும் ஃப்ளட்டும் போட்ட வழக்கையெல்லாம் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த ஆட்டத்தை மட்டும் பார்த்தால், இந்தக் கதவு நல்ல கதவுதான் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

கிரிக்கெட்டில் நம்முடைய ஆட்கள் இன்னொரு வழியை எடுத்தார்கள். அணியை விட்டுப் போவதற்குப் பதில் ஆட்டத்தையே விட்டுப் போவது. 2014 டிசம்பர் 30, மெல்பேர்னில் நான்கு டெஸ்ட் தொடரின் மூன்றாவது முடிந்தது. தலைவராக இருந்த தோனி டெஸ்டில் இருந்து விலகினார். ஏறக்குறையப் பத்து வருடம் கழித்து, 2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன். ஐந்து டெஸ்ட் தொடரின் மூன்றாவது. 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வின் போதும் என்றார். மறுநாளே சென்னையில் இறங்கிவிட்டார். இரண்டு பேரும் தொடர் முடியும்வரை பொறுத்திருக்கலாமே என்று எவ்வளவு பேச்சு! முரளி இன்னும் அழகாகச் செய்தார். 2010 ஜூலையில் இந்தியாவோடு மூன்று டெஸ்ட். முதல் டெஸ்டோடு போகிறேன் என்று முன்கூட்டியே சொன்னார். கையில் 792. காலியில் எட்டு எடுத்தால்தான் 800. ஏழு வந்துவிட்டது, எட்டாவது வர மறுத்தது. கடைசி நாள், கடைசி ஆள், ஓஜா, மஹேல கையில் பிடி. மிச்ச இரண்டு டெஸ்டை மற்றவர்கள் ஆடினார்கள்.

ஓய்வு என்பது யாரிடமும் திறப்புக் கேட்காத கதவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2022 ஜனவரியில் இலங்கைக் கிரிக்கெட் சபை அதிலும் ஒரு பூட்டுப் போட்டது. ஓய்வு பெற விரும்புகிறவர் மூன்று மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும். ஓய்வு பெற்று ஆறு மாதம் கழித்துத்தான் வெளிநாட்டு லீக்குக்கு 'நோ ஒப்ஜெக்ஷன்' கடுதாசி தரப்படும். அந்த வாரம்தான் பானுக ராஜபக்ச 30 வயதில் ஓய்வை அறிவித்திருந்தார். சில நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நோ ஒப்ஜெக்ஷன். எங்கள் ஊரில் கிரிக்கெட் பார்க்காத கிழவிக்கும் தெரிந்த சொல் அது. 'என்ஓசி குடுக்கிறானில்ல' என்று வீட்டுக்கு வீடு கேட்கும். கட்டாரில் ஒரு கொம்பனியில் சேர்ந்தவன் வேறு கொம்பனிக்கு மாறப் பழைய முதலாளி அந்தக் கடுதாசியைத் தர வேண்டியிருந்தது. ஊருக்கு வருவதற்கு எக்ஸிட் பெர்மிட் வேண்டியிருந்தது; அதற்கும் முதலாளி கையெழுத்து. கஃபாலா என்று பேர். 1893-இல் இங்கிலாந்து லீக் எழுதிய விதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் தாய் ஒன்று என்று தெரியும்.

வைத்துப் பார்க்கவும் ஓர் ஆள் இருந்தார். ஸாஹிர் பெலூனிஸ், பிரான்சில் வளர்ந்த அல்ஜீரிய வம்சத்தவர், கட்டாரின் அல் ஜைஷ் கழகத்துக்குத் தலைவராக ஆடியவர். சம்பளம் நின்றது. வழக்குப் போட்டார். வழக்கை வாபஸ் வாங்காமல் எக்ஸிட் பெர்மிட் இல்லை என்று ஆகிவிட்டது. மனைவி, இரண்டு சிறு பெண் பிள்ளைகளோடு தோஹாவில் மாட்டிக்கொண்டார். ஸிடானுக்கும் குவார்டியோலாவுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார்; இருவரும் கட்டாரின் உலகக் கிண்ண முயற்சிக்கு முகமாக நின்றவர்கள். 2013 நவம்பர் கடைசியில்தான் விமானம் ஏற விட்டார்கள். உதைபந்தாட்டக்காரனும் கொங்கிரீட் குழைக்கிறவனும் ஒரே கடுதாசிக்கு வரிசையில் நின்ற நாடு அது. 2018-இல் பெரும்பாலான தொழிலாளருக்கு எக்ஸிட் பெர்மிட்டை நீக்கினார்கள். 2020-இல் என்ஓசியும் போனது. இரண்டு வருடத்துக்குள் மாறுகிறவன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தவன் இரண்டு மாதம்.

எங்கள் கீப்பர் கட்டாருக்குப் போனது 2017-இல், பழைய விதிக்குள். ஒரு களஞ்சியத்தில் வேலை. 2021-இல் ஓர் இரவு வட்ஸப்பில் எடுத்தான்.

"அண்ணன், கொம்பனி மாறிட்டன்."

"என்ஓசி?"

"அது இப்ப இல்லதானே. நெட்டுல போட்டன். ரெண்டு மாசம் இருந்து குடுத்துட்டு வந்துட்டன்."

"அவன் ஒண்டும் சொல்லல்லயா?"

"மூஞ்சிய நீட்டினான். அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் ஊர்ப் புதினம் பேசினோம். ஆற்றில் மீன் படுகிறதா, வேளாண்மை எப்படி, கொரோனா வந்து ஆட்கள் எப்படி. வைக்கப் போகும்போது நிறுத்தினான்.

"அண்ணன், அந்த செமி ஃபைனல்... எத்தினைக்குத் தோத்த?"

நாலு வருடத்தில் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

"ஒண்டுக்குப் பூச்சியம். கடைசி நிமிசம். கோணர் பந்து. உயரமாத்தான் வந்தது."

அங்கே சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

"யாரு நிண்ட கோலுக்குள்ள?"

"உன்ட தம்பி."

"அவனுக்குக் கையுறை பெரிசே அண்ணன்," என்றான்.